அவர்கள் ஊர் நேரம்

தன் வீட்டில் ஒரு ஜென்மத்துக்கும் பொறுமை கிடையாது என்று நினைத்துக்கொண்டான் தயாளன். லாக்கரிலிருந்து கைபேசியை எடுத்துத் திரையைத் தொட்டதும் மகள் செவ்வந்தியின் தவறிய அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. முன்னிரவில் தொடங்கி விடாமல் அடித்திருக்கிறாள். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் கத்தரித்தாற்போல் நின்றுவிட்டது. வேலைத்தளத்துக்குள் கைபேசி கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா? பேனா கூடாது, துண்டுக் காகிதம் கூடாது, தண்ணீர் பாட்டில்கூட உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரிதான் இருக்க வேண்டும். எங்கோ அமெரிக்காவில், ஓஹையோவில் ஒரு கிழவனுக்கு மூலம் இருக்கிற சங்கதி துரைப்பாக்கத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்று அப்படியொரு காவல். பெரிய ராஜ ரகசியம். அந்தக் கிழவனின் டாக்டருக்கு ஏன் காசு தரவில்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்பதுதான் இருபது வருஷமாக அவனுடைய இரவு. கேட்டால் அந்தப் பக்கத்துக் குரல் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொல்லும்: கெடு தாண்டி வந்த விண்ணப்பம். பாதிக்குப் பாதி அதுதான் பதில். பெயருக்குப் பின்னால் முழ நீளத்துக்குப் பட்டம் போட்டுக்கொள்ளத் தெரிந்த பயல்களுக்குக் கெடுவுக்குள் ஒரு விண்ணப்பத்தை அனுப்பத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் தயாளன் ஹெட்செட்டுக்குள் மெல்லச் சிரித்துக்கொள்வான். நன்றி, இந்த நாள் இனிய நாளாகட்டும் என்று அவர்கள் உச்சரிப்பிலேயே சொல்லி வைப்பான். எது நாள், யாருக்கு நாள். இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். அந்தக் கடிகாரம் அவர்கள் ஊர் நேரம் காட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் திருப்பி வைத்தது, பிறகு மாற்றவில்லை. இங்கே விடிந்து வெயில் ஏறிவிட்டது. கடிகாரத்தில் நவம்பர் முதல் தேதி முடிய இன்னும் நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

கம்பெனி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பின் இருக்கையில் ஆக்னஸ் ஏறிக்கொண்டாள். அதே தளத்தில் நாலு நாற்காலி தள்ளி இருப்பவள், கீழ்க்கட்டளையில் இறங்குகிறவள், வாயை மூடத் தெரியாதவள். தீபாவளி முடிந்து ரெண்டாம் நாள். இரவு பெய்த தூறலில் பட்டாசுக் காகிதம் ஊறிப்போய்ச் சாலையோரம் எல்லாம் சிவப்புச் சேறு. ஒரு ராத்திரி டமால் டுமீல் என்று உலகத்தையே வாங்கிவிட்ட மாதிரி வெடித்துவிட்டு மறுநாள் கூட்டுவதற்கு ஆள் தேடுகிற ஊர். செவ்வந்திக்காக அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவனுடைய மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு வந்திருக்கிறது. அதைத் திறந்து, தகப்பன் என்கிற இடத்தில் பெயரை அடித்து, ஒரு கட்டத்தைத் தொட வேண்டும். தொட்டால் செவ்வந்தியின் விண்ணப்பம் எர்லி டிசிஷன் என்கிற முதல் சுற்றில், அவள் ஒரு வருஷமாகப் படம் பார்த்து உருகிக்கொண்டிருக்கிற அந்தக் குளிர் பிரதேசத்துக் கல்லூரிக்குப் போய்ச் சேரும். தொடாவிட்டால் போகாது. அவ்வளவுதான் விஷயம். நேற்று சாயங்காலமே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். அப்பா, ஒரு நிமிஷம்பா, தொட்டுட்டுப் போங்க. வெளியே வண்டி ஹாரன் அடித்தது. ஒரு பக்கத்தைப் படிக்காம எவனாவது கையெழுத்துப் போடுவானா? காலைல வந்து நிதானமா படிச்சுட்டுப் போடறேன், என்றான். நேரம் இருக்கு. இல்லப்பா, இன்னைக்கு ராத்திரியோட. அவங்க ராத்திரிம்மா, நம்ம ராத்திரி இல்ல, நமக்கு நாளைக்குக் காலைல ஒன்பதரை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். உள்ளேயிருந்து மனைவி பத்மினியின் குரல் வந்தது: ஏங்க, நாளைக்குச் சனிக்கிழமை, ஒன்பதுலேருந்து ராகு காலம், அதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. கேட்டீர்களா. ராகு பகவான் அமெரிக்கக் கல்லூரி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து விண்ணப்பத்தைப் புரட்டுகிறான்.

அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்கவே கூடாது. கிண்டியில் ஏதோ ஓட்டல், குளிரூட்டிய கூடம், வாசலில் ரோஜாத் தண்ணீர் தெளிக்காத குறை. வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகன் என்று ஒருவன், முப்பது வயசு இருக்கும், ரோஹித் என்று பெயர், காலுறை போடாமல் ஷூ போட்டிருந்தான். காலுறை போடாதவனை நம்பி நூறு பேர் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரொம்ப சிம்பிள் ஆன்ட்டி, என்று ஆரம்பித்தான். எர்லி ஆக்‌ஷன்கிறது பொண்ணு பாக்கப் போற மாதிரி. சீக்கிரம் போறோம், சீக்கிரம் பதில் தெரியும், ஆனா கட்டாயம் கிடையாது. நாலு வீட்ல பஜ்ஜி சாப்பிடலாம். எர்லி டிசிஷன் அப்படி இல்ல. அது தட்டு மாத்துறது. ஒரே ஒரு வீடு. அவங்க சரின்னுட்டா மத்த வீட்டுக்கெல்லாம் வரலைன்னு சொல்லிடணும், போய்த்தான் ஆகணும். பொண்ணும் கையெழுத்து, அப்பா அம்மாவில் ஒருத்தரும் கையெழுத்து. அதனாலதான் அந்தச் சுற்றுல இடம் கிடைக்கிற வாய்ப்பு ஜாஸ்தி. கூடமே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும், கல்யாணம் என்று சொன்னால்தான் இந்த ஜனங்களுக்கு எதுவும் மண்டையில் ஏறும். ஒருத்தர் எழுந்தார், பேங்க் ஆசாமி போல. சார், ஒரு சேஃப்டிக்கு ரெண்டு காலேஜ்ல தட்டு மாத்தி வெச்சுக்கலாமா? ரெண்டுக்கும் தெரியாம? மறுபடியும் சிரிப்பு. மாட்டிக்கிட்டா ரெண்டும் போயிடும் அங்கிள். அப்புறம், முதல் சுற்று தவறினா ஜனவரில ரெண்டாவது சுற்று இருக்கு, சில காலேஜ்ல. ஆனா அதுக்குள்ள பாதி பந்தி முடிஞ்சிருக்கும். உடனே ஓர் அம்மாள், பட்டுப்புடவை, உரக்கவே கேட்டாள்: ஜனவரி ஒண்ணுன்னா மார்கழி ஆச்சே சார், மார்கழில யாராவது நிச்சயம் பண்ணுவாங்களா? கூடம் குலுங்கிச் சிரித்தது. செவ்வந்தியும் சிரித்தாள். தயாளன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. யார் கேட்டார்கள் என்று நினைவில்லை, பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல். ராத்திரி பன்னண்டு மணிக்குள்ளன்னா அவங்க ராத்திரியா, நம்ம ராத்திரியா சார்? ரோஹித் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. நீங்க எங்க உட்கார்ந்து அனுப்புறீங்களோ அந்த ஊர் நேரம் ஆன்ட்டி. சென்னைன்னா சென்னை ராத்திரி. செவ்வந்தி குறிப்பு எடுத்துக்கொண்டாள். தயாளனுக்கு உதடு கோணியது. இவன் என்றைக்காவது ஒரு இரவு, ஒரே ஒரு இரவு, அவர்கள் நேரத்தில் உட்கார்ந்திருக்கிறானா? கெடு என்பது வாங்குகிறவன் கடிகாரத்தில்தான் இருக்கும். கொடுக்கிறவன் கடிகாரத்தில் எங்கேயாவது இருக்குமா? இருபது வருஷமாக அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறான். எங்கள் அலுவலக நேரப்படி, எங்கள் அலுவலக நேரப்படி என்று ஆயிரம் குரல். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டான், அவன் கிடக்கிறான் தத்தாரி, அவனுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன், அவங்க நேரம்தான். அவள் நோட்டில் எழுதியதைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். தலையாட்டினாளா? ஆட்டினாள். அந்த ஊர் நேரம். எந்த ஊர் நேரம் என்று சொன்னான்? நீங்க எங்க உட்கார்ந்து. வண்டி துரைப்பாக்கம் முனையில் திரும்பியது. அழைப்புகள் ஏன் நள்ளிரவுக்கு முன்னால் நின்றன? தூக்கம் வந்திருக்கும். பதினேழு வயசுக்குத் தூக்கம் அப்படித்தான் வரும், தடாலென்று. அதில் என்ன யோசனை.

ரேடியல் ரோட்டில் சதுப்பு நிலம் வந்தது. ஒரு பக்கம் நாணலும் தண்ணீரும் நாரைகளும், அந்தப் பக்கம் குப்பை மலை, இரண்டுக்கும் ஒரே வாசனை. எந்த தேசத்திலிருந்தோ பறவைகள் இத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்து இந்தக் குப்பையைத் தேர்ந்தெடுத்து இறங்குகின்றன; கேட்டால் அதிசயம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். அவன் கைபேசியை எடுத்தான். அந்த மின்னஞ்சல் இருந்தது. திறக்காமலேயே அதன் வாசகம் அவனுக்குத் தெரியும். போன வாரமே மாதிரிப் பக்கம் ஒன்றைத் தேடிப் படித்துவிட்டான். பெண்ணுக்கு ஒரு வரி: அனுமதி கிடைத்தால் சேர்வேன் என்று உறுதி கூறுகிறேன். தகப்பனுக்கு ஒரு வரி: அனுமதி கிடைத்தால் சேர்வாள் என்பதை நான் அறிவேன். அறிவேன் என்கிற இடத்தில் எப்போதும் தடுக்கியது. என்ன அறிவான்? கூப்பிட்டால் போய்விடுவாள் என்று அறிவான். அதற்கு ஒரு கட்டமும் ஒரு கையெழுத்துமா? நிபந்தனை என்றாலே அவனுக்கு ஆகாது. பாலிடெக்னிக்கில் ஒரு வருஷம், அதுவும் பாதி. கட்டுப்பட்டு உட்கார முடியவில்லை என்று எழுந்து வந்தவன். நடைபாதையில் எடைக்கு வாங்கிய பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை வைத்துத் தானே படித்துத் தானே பேசிப் பழகியவன். அதைப் பிறகு பெருமையாக்கிக்கொண்டான். எந்தக் கதவையும் சாத்தியதில்லை என்பான். எந்தக் கதவுக்குள்ளும் போனதில்லை என்பதை யாரும் சொன்னதில்லை, பத்மினி மட்டும் ஒரே ஒரு தடவை, சோறு போட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். உனக்கென்ன தெரியும் என்று எழுந்துவிட்டான். அவளுக்கு என்ன தெரியும்? ரெண்டு வீதி தள்ளி ஒரு பாலர் பள்ளியில் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்திவிடுகிற வேலை. விண்ணப்பத்தில் பெற்றோர் மின்னஞ்சல் என்று கேட்டபோது, செவ்வந்தி, அம்மாவோடது போடட்டுமாப்பா, அம்மா வீட்லயே இருப்பாங்க என்றாள். அம்மாவுக்கு மின்னஞ்சல்! அவன் சிரித்த சிரிப்பில் பத்மினியும் சேர்ந்து சிரித்தாள், பாவம். உங்கம்மா அதுல கோலப்பொடி விலை கேட்டு எழுதுவா. என்னோடதைப் போடு.

தொட்டுவிடலாமா இப்போதே? வண்டியிலேயே? விரல் ஒரு கணம் நின்றது. வேண்டாம். குலுங்குகிற வண்டியில் அவசர அவசரமாக, ஆக்னஸின் கழுத்து பின்னாலிருந்து நீள, தன் பெண்ணைத் தாரை வார்க்கிற காரியமா? தாரை வார்க்கிற. பார், அந்தக் காலுறை போடாதவனின் பேச்சு மண்டைக்குள் புகுந்துவிட்டது. அவள் அங்கே போனால் அவர்கள் பகலில் விழித்திருப்பாள். நிஜப் பகலில். இருபது வருஷம் அவர்களுடைய பகலுக்குள் உட்கார்ந்திருந்தும் அவன் அந்த வெயிலைப் பார்த்ததில்லை. அங்கே மழை என்று அந்தப் பக்கத்துக் குரல் சொன்னால், ஆமாம், இங்கேயும் என்று பொய் சொல்லியிருக்கிறான். அவள் பார்ப்பாள். ஒரு நாள் போனில் அவனிடம் ஏதோ கேட்பாள், அவன் பதில் சொல்வதற்குள், சரிப்பா, கிளாஸுக்கு நேரமாச்சு என்பாள், அந்தக் குரலில் கொட்டாவியை அடக்குகிற ஒரு சின்ன இழுப்பு இருக்கும். ஆக்னஸ் முன்னால் சாய்ந்தாள். என்னண்ணா, ராத்திரியெல்லாம் பாப்பா போன் பண்ணியிருக்கு போல? லாக்கர் அதிர்ந்துட்டே இருந்துச்சுன்னு செக்யூரிட்டி சொன்னாரு. காலேஜ் விஷயம், என்றான். அப்ளிகேஷன், இன்னைக்கு ஒன்பதரைக்குக் கடைசி. திருப்பிக் கூப்பிட்டுக் கேளுங்களேன், என்றாள். தூங்குவா. இந்நேரத்துக்கா? நேத்து அத்தனை தடவை கூப்பிட்ட புள்ள இன்னைக்குத் தூங்குமா, என்னண்ணா நீங்க, எங்க வீட்டுதுன்னா வாசல்லயே நின்னு என்னைத் தின்னுடும். ஆக்னஸ், உங்க வீட்டுப் பையன் டிப்ளமோ பரீட்சைக்கே ரெண்டு தடவை பணம் கட்டினான் இல்ல? அவள் இருக்கையில் பின்னால் சாய்ந்துகொண்டாள். கீழ்க்கட்டளையில் இறங்கும்போது, பாத்துப் போங்கண்ணா என்றாள், எப்போதும் போலவே. அந்த எப்போதும் போலவே அவனுக்குப் பிடிக்கவில்லை. கூப்பிடலாம்தான். விரல் பெயரின்மேல் இருந்தது. கூப்பிட்டால் அவள் எடுப்பாள். எடுத்தால் ஏதாவது சொல்வாள். எதற்கு, இன்னும் கொஞ்ச தூரத்தில் வீடு. எங்க உட்கார்ந்து அனுப்புறீங்களோ. பல்லாவரம் மேம்பாலத்தில் ஒரு மாநகரப் பேருந்து மூச்சடைத்து நின்றிருந்தது, பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள், ஹாரன் அடித்தால் பேருந்துக்கு உயிர் வந்துவிடும் என்பது போல. முட்டாள்கள். அவனும் டிரைவரிடம், அடிங்க ஏகாம்பரம், அடிங்க என்றான். எதுக்கு சார், என்றார் அவர், அது ஆஃப் ஆகி நிக்குது. அப்படியும் ராகு காலத்துக்கு முன்னால் பம்மலில் வீடு வந்துவிட்டது. ராகு காலம்! அவனே கணக்குப் போட்டிருக்கிறான்! படியேறும்போது தன்னையே ஒருமுறை கேவலமாகப் பார்த்துக்கொண்டான்.

கதவு திறந்தே இருந்தது. செவ்வந்தி தரையில் சுவரில் சாய்ந்து, தலைக்குக் குளித்த ஈரத்துண்டோடு, இட்லி தின்றுகொண்டிருந்தாள். மடிக்கணினி மூடியிருந்தது. அழுத முகம் என்று நினைத்தான். இல்லை, அழுது முடித்த முகம். எங்க லேப்டாப், எடு, என்றான், குரலில் ஒரு வீட்டுத் தலைவனின் உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டு. படிச்சாச்சு, எல்லாம் பாத்தாச்சு, போட்டுடறேன். முடிஞ்சிருச்சுப்பா, என்றாள். என்ன முடிஞ்சிருச்சு, அங்க இன்னும். நம்ம ஊர் நேரம்ப்பா. நேத்து ராத்திரி பன்னண்டுக்கு மூடிட்டான். ரோஹித் சார் அன்னைக்கே சொன்னாரு. எங்கள் அலுவலக நேரப்படி என்று ஆயிரம் குரல்கள் அவன் காதில் கேட்டன. கெடு தாண்டி வந்த விண்ணப்பம். ஏன்டி, ஆபீஸ் நம்பருக்கு ஒரு. ஆபீஸுக்கும் அடிச்சேன்பா. வரவேற்புல, தளத்துக்குள்ள இருக்கறவங்களை எமர்ஜென்சின்னாதான் கூப்பிட முடியும், யாராவது செத்துட்டாங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அவள் இட்லியைச் சட்னியில் தோய்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான், கோபத்துக்குப் பதில் சொல்லத் தெரியும். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், லேசாக, உதட்டின் ஓரம் ஒரு கோணல், உனக்குச் சொல்லிப் புரியவைக்க நேரமில்லை என்கிற பொறுமை. அந்தப் பார்வை அவனுக்கு நன்றாகத் தெரியும். கூடத்தில் அவன் அந்தப் பட்டுப்புடவை அம்மாளைப் பார்த்தது, வண்டியில் ஆக்னஸைப் பார்த்தது, தினம் இந்தச் சமையலறையைப் பார்ப்பது. வேறு ஒரு முகத்தில் அது எப்படி இருக்கும் என்று அவன் பார்த்ததேயில்லை. இப்ப என்ன பண்றது, என்றான். கேட்டது அவன் குரல் மாதிரியே இல்லை. ரெண்டாவது சுற்றுக்கு மாத்திட்டேன்பா. ஜனவரி. இடம் கம்மிதான், பாக்கலாம். அதுக்கும் பெத்தவங்க கையெழுத்து வேணும், என்றான் அவசரமாக, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடைத்ததைப் போல, அதை இன்னைக்கே போட்டுடறேன். பத்மினி சமையலறையிலிருந்து டம்ளரோடு வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவோட மெயிலைக் குடுக்கப்போறேன்பா, என்றாள் செவ்வந்தி. காலைலதான் ஆரம்பிச்சோம், பாதில நிக்குது. நேரம் இருக்கு. நீங்க தூங்குங்க.

அவன் அறைக்குள் போய்க் கருப்புத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தான். பகல் ஊசி ஊசியாகத் திரையின் ஓட்டைகளில் நின்றது. வெளியே தாயும் மகளும் மடிக்கணினியைத் திறக்கிற சத்தம். அம்மா, மறக்காத மாதிரி ஒரு பாஸ்வேர்டு சொல்லு. அதென்னடி நானே வெக்கணுமா? நீதான் வெக்கணும், எனக்குக்கூடச் சொல்லக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்குகிற ஒலி, டக், வெகுநேரம் கழித்து இன்னொரு டக். மார்கழில போடலாமாடி, பரவாயில்லையா? பத்மினி கேட்டாள். போடலாம்மா. ரெண்டு பேரும் சிரித்தார்கள். சத்தம் வராமல், தூங்குகிறவனை எழுப்பிவிடாமல், இருபது வருஷமாக இந்த வீட்டில் பகலில் சிரிக்கிற விதத்தில் சிரித்தார்கள். தயாளன் இருட்டில் கைபேசியை எடுத்து அந்த இணைப்பைத் திறந்தான். தகப்பன் என்கிற இடம் காலியாக இருந்தது. பெயரை அடித்தான், கட்டத்தைத் தொட்டான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொட்டான். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். அதில் இன்னும் முதல் தேதிதான். நள்ளிரவுக்கு இன்னும் அரை மணி இருந்தது.